கால்தடம் பார்க்கப் பழகுறது எப்படி: பினாங்குல இருந்து ஒரு ஆரம்பப் பாடம்

எங்க தாமான்ல, அதாவது நாங்க இருக்கற குடியிருப்புல, வீட்டுக்குப் பின்னால லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமா ஒரு சிமெண்ட் நடைபாதை இருக்கு. போட்ட அன்னைக்கு ராத்திரி, சிமெண்ட் காயறதுக்குள்ள, ஒரு பூனை அது மேல நடந்து போயிருக்கு, கொஞ்சம் தள்ளி ஒரு நாய், நடுவுல ரெண்டு மூணு மைனா. ரொம்ப வருஷம் ஆச்சு, அந்தப் பூனையும் நாயும் இப்ப உயிரோட இருக்காது, ஆனா தடம் அப்படியே இருக்கு. கால்தடம் பார்க்கக் கத்துக்கணும்னு யாராவது கேட்டா நான் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இந்த சிமெண்ட்கிட்டதான் கூட்டிட்டுப் போவேன். காட்டுல தடம் அரைகுறையா இருக்கும், பாதியை மழை அழிச்சிருக்கும், மீதியை இலை மூடியிருக்கும். இங்க முழுசா இருக்கு, அவசரமே இல்லாம குத்த வச்சு உட்கார்ந்து பார்க்கலாம். உங்க ஏரியாலயும் தேடுனா கண்டிப்பா ஒன்னு கிடைக்கும், பிளாட்ல இருக்கறவங்க கார் பார்க் தரையையும் படிக்கட்டு ஓரத்தையும் பாருங்க.

பூனையோட தடத்துல நாலு விரல், முன்னால. பின்னால ஒரு பெரிய உள்ளங்கால் மெத்தை. மொத்தமா பார்த்தா உருண்டையா இருக்கும், நகம் தெரியாது, ஏன்னா பூனை நடக்கறப்ப நகத்தை உள்ள இழுத்து வச்சுக்கும். நாய்க்கும் அதே நாலு விரல்தான், ஆனா நகம் எப்பவும் வெளியதான் இருக்கும், அதனால விரல் நுனிக்கு முன்னால சின்னச் சின்னப் புள்ளியா விழும், தடமும் அகலத்தை விட நீளம் கொஞ்சம் கூடுதலா இருக்கும். நகத்தை மட்டும் நம்பாதீங்க, கெட்டித் தரைல நாயோட நகமும் பதியாம போகலாம், வழுக்குற சேத்துல பூனையும் நகத்தை ஊணி நடக்கலாம். அதுக்கு இன்னொரு வழி இருக்கு. விரல்களுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில ஒரு பெருக்கல் குறி போட்டுப் பாருங்க. நாய்னா அந்தக் கோடு எதுலயும் இடிக்காம போகும், பூனைனா உள்ளங்கால் பெருசா முன்னால வந்திருக்கறதால கோடு அது மேல ஏறிடும். அப்புறம் பூனையோட உள்ளங்கால் பின்பக்கம் மூணு மேடா தெரியும். இதெல்லாம் புரிஞ்சதும் இன்னும் ஒன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்: உங்க வலது கையைத் தரைல வச்சு கட்டை விரலைத் தூக்கிக்கோங்க. மிச்ச நாலு விரல்ல நடுவிரல்தான் முன்னால நிக்கும், இடது பக்கத்துல இருந்து ரெண்டாவது. பூனையோட வலது காலும் அப்படியேதான். அந்த முன்னால நிக்கற விரல் எந்தப் பக்கம்னு பார்த்தா அது வலது காலா இடது காலான்னு சொல்லிடலாம்.

மைனா தடம் ஈஸி. மூணு விரல் முன்னால ஒன்னு பின்னால, கோழிக்கால் மாதிரி, ஆனா ஒன்னு மாத்தி ஒன்னா வரிசையா போகும், ஏன்னா மைனா நடக்கற பறவை. சிட்டுக்குருவி தரைல தத்தித் தத்திப் போகும், அதோட தடம் ஜோடி ஜோடியா விழும். ஆக ஒரே மாதிரி பாதம் இருந்தாலும் விழுந்திருக்கற விதத்தை வச்சு யாருன்னு பிரிக்கலாம்.

ஒரு நாள் எங்க தாமான் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு, சேத்துல ஒரு பெரிய தடம், கீழ புலின்னு எழுதி நாலு தடவை ஃபார்வர்ட் ஆகி வந்திருக்கு. பினாங்குத் தீவுல காட்டுப் புலியே இல்ல, ஆனாலும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரெண்டு நாள் காலைல வாக்கிங் போகல, பிள்ளைங்களை வெளிய விடல. அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தா விரல் நுனில நகம் நல்லாவே தெரியுது, பெருக்கல் குறி இடிக்காம போகுது, அது நாய். எவ்வளவு பெருசுன்னுகூட அந்தப் போட்டோவை வச்சுச் சொல்ல முடியாது, பக்கத்துல அளவுக்கு ஒரு பொருளும் வைக்கல. அதனால தடத்தைப் படம் எடுக்கறப்ப பக்கத்துல ஒரு காசு வைங்க. மலேசியா 10 காசு கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர், 50 காசு கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர். காசு வச்சு, நேரா மேல இருந்து எடுத்தா அப்புறம் வீட்டுக்கு வந்துகூட அளந்துக்கலாம். வீட்டுப் பூனைத் தடம் 10 காசு மாதிரி ஒன்றரை மடங்கு அகலம்தான் வரும். புலியோடது 10 சென்டிமீட்டர் பக்கம் வரும், நம்ம உள்ளங்கை அளவு.

இந்தக் கலையை எனக்குக் காட்டிக் கொடுத்தது என் தாத்தா. அவர் செபராங் பிறைல ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவர். விடியறதுக்கு முன்னாடியே தலைல லைட்டைக் கட்டிட்டு நிரைக்கு, அதாவது அவர் சீவுற மர வரிசைக்குப் போயிடுவாரு, யாரும் மிதிக்காத மண்ணை முதல்ல பார்க்கறது அவர்தான். ஒன்பது மணி பசியாற உட்கார்றப்ப சொல்லுவாரு, நேத்து ராத்திரி தாயும் நாலஞ்சு குட்டியும் அந்தப் பள்ளத்துல இறங்கி ஆத்தோரமா போயிருக்குன்னு. என்ன தாத்தா பன்னியான்னு கேட்டா உடனே ஆமான்னு சொல்ல மாட்டாரு. "ரெட்டைக் குளம்பு, பின்னால ரெண்டு புள்ளி விழுந்திருக்கு, மண்ணைக் கிளறியிருக்கு, சின்னத் தடம் எல்லாம் பெரிய தடத்தைச் சுத்தியே ஓடுது, இப்ப நீயே சொல்லு" அப்படிம்பாரு. பேரை எப்பவும் கடைசிலதான் சொல்லுவாரு. நான் இந்தக் கட்டுரைல சொல்ல வர்றதும் அதுதான். புதுசா பழகுறவங்க எல்லாரும் பண்ற தப்பு, தடத்தைப் பார்த்ததும் ஒரு மிருகத்தோட பேரைச் சொல்லிடறது, அப்புறம் கண்ணு அந்தப் பேருக்கு ஒத்து வர்றதை மட்டும்தான் பார்க்கும். எத்தனை விரல், நகம் இருக்கா, எவ்வளவு அகலம், எங்க இருந்து எங்க போகுது, வேகமா மெதுவா, எப்ப விழுந்தது, பக்கத்துல வேற என்ன கிடக்கு, இதையெல்லாம் வாயால சொல்லி முடிச்சிட்டு அப்புறம் பேருக்கு வாங்க.

நம்ம பாட்டிங்க சொல்ற ஒட்டகக் கதை ஞாபகம் இருக்கா, காணாம போன ஒட்டகத்தைத் தேடி வந்தவன்கிட்ட வழில போன ஆளுங்க, உன் ஒட்டகத்துக்கு ஒரு கண்ணு தெரியாது, ஒரு கால் நொண்டி அப்படின்னு சொல்லுவாங்க, அவன் நீங்கதான் திருடுனீங்கன்னு ராஜாகிட்ட இழுத்துட்டுப் போயிடுவான். அவங்க ஒட்டகத்தைப் பார்த்ததே இல்ல. பாதைல மூணு கால் தடம்தான் அழுத்தமா இருந்துச்சு, ஒரு பக்கத்துச் செடியை மட்டும்தான் மேஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். கால் நொண்டிங்கறது தடத்துல இருந்து வந்தது, ஆனா கண்ணு தெரியாதுங்கறது செடில இருந்து வந்தது, பாருங்க. ஒரு மிருகம் விட்டுட்டுப் போறதுல பாதத்தோட அச்சு ஒரு பங்குதான். கடிச்ச இலை, உரிஞ்ச பட்டை, கிளறுன மண்ணு, உதிர்ந்த முடி, முள்ளு, எச்சம், நாத்தம், எல்லாமே அடையாளம்தான்.

எச்சம்னு சொன்னதும் முகம் சுளிக்க வேணாம், தமிழ்ல இதுக்கு இருக்கற சொல்லைப் பார்த்தாலே நம்ம ஆளுங்க எவ்வளவு கவனமா பார்த்திருக்காங்கன்னு தெரியும். மாடு போட்டா சாணி, ஆடும் எலியும் மானும் போட்டா புழுக்கை, யானையும் குதிரையும் போட்டா லத்தி, பறவை போட்டா எச்சம். வடிவத்தை வச்சே பிரிச்சிருக்காங்க. புழுக்கைன்னு சொன்னாலே அது உருண்டை உருண்டையா காய்ஞ்சு கிடக்கற ஒன்னுன்னு புரிஞ்சிடுது, ஆடு, எலி, மான் மாதிரி ஏதோ ஒன்னுன்னு பாதி வேலை முடிஞ்சிடுது. மாடு வளர்த்த, தோட்டத்துல இருந்த வீட்டுப் பெரியவங்க இருந்தா உட்கார வச்சு இந்தச் சொல்லையெல்லாம் கேட்டு வச்சுக்கோங்க, இப்ப விட்டா அப்புறம் கேக்க ஆள் இருக்காது.

சரி, எங்க போய்ப் பார்க்கறது. பினாங்குல இதுக்குக் குறையே இல்ல. தண்ணிமலை கோவிலுக்குப் போறவங்க அப்படியே பக்கத்துல பொட்டானிக் கார்டன்ல நடக்கலாம், 1884-ல இருந்து இருக்கற தோட்டம், பின்னாலயே மலைக்காடு. கொடிமலைக்கு (பினாங் ஹில்) ரயில்ல ஏறாம ஜீப் ரோட்டுல நடந்து போனா ஓரத்துல ஈர மண்ணு நிறைய. தெலுக் பஹாங்ல இருக்கற தேசியப் பூங்கா 2003-ல அறிவிச்சது, அங்க காடும் கடற்கரையும் ஒரே நடைல கிடைக்கும். இந்தக் கொடிமலைப் பக்கத்துக் காட்டை 2021-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா சேர்த்தாங்க. ஆனா பெரிய இடத்துக்குத்தான் போகணும்னு இல்ல, மழை விட்டதும் தேங்கி நின்னு வத்துற குட்டை ஒன்னு போதும். குட்டை ஓரத்துல அந்தக் குழைஞ்ச சேறு இருக்கு பாருங்க, அதை விட நல்லா தடம் பதியற இடம் கிடையாது, தண்ணி குடிக்க எல்லாரும் அங்க வந்துதான் ஆகணும்.

நேரம் முக்கியம். உச்சி வெயில்ல போனா ஒன்னும் தெரியாது, தடம் இருந்தாலும் தெரியாது. காலைல ஏழரை எட்டு, இல்லாட்டி சாயங்காலம் ஆறு, அப்பதான் வெளிச்சம் சாஞ்சு விழும், ஒவ்வொரு பள்ளத்துலயும் நிழல் விழுந்து விளிம்பு எடுப்பா தெரியும். தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கற மாதிரி நின்னு பாருங்க, அதே தடத்தை அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க, காணாமலே போயிடும். மேகம் மூடியிருந்தா ஹேண்ட்ஃபோன் லைட்டைத் தரையோட தரையா படுக்க வச்சு பக்கவாட்டுல அடிங்க, அதே பலன்தான். அப்புறம் நின்னுக்கிட்டே பார்க்காதீங்க, குனியுங்க, முடிஞ்சா முட்டி போடுங்க.

எப்ப விழுந்ததுன்னு கண்டுபிடிக்கறது எனக்கு இதுல ரொம்ப இஷ்டமான பகுதி, நம்ம ஊர்ல அதுக்குப் பெரிய உதவி மழை. நேத்து சாயங்காலம் மூணு மணிக்கு மழை கொட்டுச்சு, நாலரைக்கு விட்டுச்சுன்னு வைங்க. தடத்துக்குள்ள மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழி இருந்தா அது மழைக்கு முன்னாடி விழுந்தது. சுத்தி இருக்கற மண்ணுல துளிக்குழி இருந்து தடத்துக்குள்ள மட்டும் வழுவழுன்னு இருந்தா மழைக்கு அப்புறம் வந்து மிதிச்சிருக்கு. விளிம்பு கத்தி வச்சு வெட்டுன மாதிரி இருந்தா புதுசு, உதிர்ந்து உருண்டிருந்தா பழசு. தடத்துக்குள்ள இலை விழுந்து கிடந்தா ஒரு அர்த்தம், இலை மிதிபட்டு மண்ணுக்குள்ள அமுங்கியிருந்தா வேற அர்த்தம். எறும்பு வரிசை தடத்துக்குள்ள இறங்கி ஏறிப் போகுதா, மண்புழு ஒன்னு குறுக்க ஊர்ந்து கோடு போட்டிருக்கா, அப்ப அந்தத் தடம் விழுந்து கொஞ்ச நேரமாவது ஆகியிருக்கும். அதனால மழை எப்ப பெஞ்சது எப்ப விட்டதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கற பழக்கத்தை மட்டும் இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க, வேற எந்தப் பொருளும் வாங்க வேணாம். இன்னொன்னும் செய்யலாம், உங்க செருப்புத் தடத்தை ஈர மண்ணுல பதிச்சு வச்சிட்டு காலைல சாயங்காலம், மறுநாள், மூணாம் நாள்னு போய்ப் பாருங்க. ஒரு தடம் எப்படிக் கிழடாகுதுன்னு அது மாதிரி வேற எதுவும் கத்துக் கொடுக்காது.

இப்ப நம்ம பக்கம் அடிக்கடி கிடைக்கறதைச் சொல்றேன்.

காட்டுப்பன்னி. ரெட்டைக் குளம்பு, முன்பக்கம் உருண்டையா, மண்ணு குழைஞ்சிருந்தா பின்னால குட்டிக் குளம்பு ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு பதியும், என் தாத்தா சொன்ன அந்த ரெண்டு புள்ளி அதுதான். ஆட்டுக்கு அந்தப் புள்ளி சாதாரணமா விழாது. ஆனா பன்னியைத் தடத்தை விட அது பண்ணிட்டுப் போன வேலைல சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். கிழங்கும் புழுவும் தேடி மூக்கால மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும், ஏர் ஓட்டுன மாதிரி இருக்கும். சேத்துக் குழில புரண்டு எழுந்து பக்கத்து மரத்துல உடம்பை உரசும், மரத்துல அப்புன சேறு எவ்வளவு உசரத்துல இருக்குன்னு பார்த்தா பன்னி எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சிடும். அந்தச் சேறு இன்னும் ஈரமா இருந்தா நீங்க அங்க நிக்கக் கூடாது, சத்தம் பண்ணிட்டு மெதுவா பின்னால வந்துடுங்க, குட்டியோட இருக்கற தாய்ப்பன்னி ஆளைத் துரத்தும். பெண் பன்னி குட்டி போடறதுக்கு முன்னாடி சின்னக் கன்னு மரங்களை வாயால ஒடிச்சுக் குவிச்சு மேடு மாதிரி ஒரு கூடு கட்டும், நெகிரி செம்பிலான் பாசோ காட்டுல இதைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. காட்டுக்குள்ள இடுப்பு உசரச் செடி எல்லாம் வரிசையா ஒடிஞ்சு, நடுவுல ஒரு குவியல் இருந்தா கிட்ட போகாதீங்க.

மூசாங், நம்ம சொல்ற மரநாய். இதுக்கு அஞ்சு விரல், பூனைக்கும் நாய்க்கும் நாலுதான் பதியும்னு சொன்னேன் இல்லையா, அதனால எண்ணிப் பார்த்தாலே பிரிச்சிடலாம். ஆனா மூசாங் பாதி நேரம் மரத்துலயும் கூரைலயும்தான் இருக்கும், தடத்தை விட அது போட்டுட்டுப் போறதுதான் கண்ணுல படும். பாறை மேல, விழுந்து கிடக்கற மரத்து மேல, மதில் மேல, நாலு பேர் பார்க்கற மாதிரி இடத்துலதான் போடும், அது மத்த மூசாங்குக்கு விட்டுட்டுப் போற சேதி. உள்ள விதையா இருக்கும். பப்பாளி விதை, கூந்தல்பனை விதை, அத்திப் பழத்தோட பொடி விதை, தோலு சதை எல்லாம் செரிச்சு விதை மட்டும் முழுசா கிடக்கும். கோப்பி லுவாக்னு சொல்றாங்களே, அது இப்படிக் காப்பிப் பழத்தைத் தின்னுட்டு விதையை வெளிய விட்டதுதான். இதுல நான் பார்க்கறது என்னன்னா, ஒரு மாசம் பூரா ஒரே மதில் மேல கிடக்கறதைக் கவனிச்சு எழுதி வச்சா அந்த ஏரியால எந்தப் பழம் எப்ப பழுக்குதுன்னு காலண்டர் மாதிரி வந்துடும். இன்னும் ஒன்னு, மலாய்ல இதை மூசாங் பாண்டான்னு சொல்லுவாங்க, ராத்திரி நடக்கறப்ப சுத்தி எங்கயும் செடி இல்லாம திடீர்னு பாண்டான் இலை வாசம் வந்தா அது இப்பதான் அந்தப் பக்கம் போயிருக்கு. மூக்காலயும் தடம் பார்க்கலாம்னு எனக்குப் புரிஞ்சது அப்படித்தான்.

குரங்குல ரெண்டு வகை நம்மளோட இருக்கு. நீள வால் குரங்கு தரைக்கு நிறைய இறங்கும், அதோட கைத்தடத்தைப் பார்த்தா சின்னப் பிள்ளை கை மாதிரி இருக்கும், பின்னங்கால் இன்னும் நீளமா. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட அந்தக் கருங்குரங்கு, மலாய்ல லோத்தோங், அது இலை தின்கிறது, தரைக்கு அதிகம் வராது. அதைத் தேடணும்னா கீழ பாருங்க, மரத்தடில பச்சை இலை பாதி கடிச்சபடி கொத்துக் கொத்தா விழுந்திருக்கும், அது ஒரு கடி கடிச்சிட்டு மிச்சத்தைப் போட்டுட்டுப் போகற பழக்கம். கடிச்ச ஓரம் இன்னும் பச்சையா இருந்தா தலையைத் தூக்கிப் பாருங்க, அங்கேயே இருக்கும். தெலுக் பஹாங்ல ரோட்டைக் கடக்கறப்ப கார்ல அடிபட்டுச் சாகுதுன்னு, இந்தக் குரங்கைக் காப்பாத்தற லங்கூர் புராஜெக்ட் பினாங் குழு ஆளுங்க 2019-ல பழைய தீயணைப்புக் குழாயை வச்சு ரோட்டுக்கு மேல ஒரு பாலம் கட்டிக் கொடுத்தாங்க. அந்தப் பக்கம் போறப்ப கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, ரோட்டு ஓரம் பச்சை இலை சிதறிக் கிடந்தா இன்னும் மெதுவா.

உடும்பு, பியாவாக், லோங்காங் ஓரத்துல எல்லாம் இருக்கு. அஞ்சு விரல், நீள நகம், ரெண்டு வரிசைத் தடத்துக்கு நடுவுல வால் இழுத்துட்டுப் போன கோடு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். கோடு மட்டும் இருந்து பக்கத்துல கால் இல்லாட்டி அது பாம்பு.

நீர்நாயை ஆத்து வாய்லயும் அலையாத்திக் காட்டுப் பக்கமும் தேடலாம். அஞ்சு விரல், சேறு நல்லா குழைஞ்சிருந்தா விரலுக்கு நடுவுல தோல் விரிஞ்சதும் தெரியும். கூட்டமா திரியும், எல்லாம் ஒரே இடத்துல போய்ப் போடும், மீன் செதிலும் முள்ளும் நிறைஞ்சு கிடக்கும், நாத்தம் மீன் மார்க்கெட் மாதிரி. நண்டு ஓடு நிறைய இருந்தா சின்ன வகை நீர்நாயா இருக்க வாய்ப்பு அதிகம்.

எஸ்டேட் பக்கம் போறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். செம்பனைத் தோட்டத்துல எலியை ஒழிக்கக் கம்பத்துல பெட்டி கட்டி கூகை ஆந்தையை வளர்க்கறாங்க இல்லையா, அந்தப் பெட்டிக்குக் கீழ கறுப்பா கட்டை விரல் அளவுல உருண்டை கிடக்கும். அது எச்சம் இல்ல. ஆந்தை எலியை முழுசா முழுங்கிடும், செரிக்காத முடியும் எலும்பும் வாய் வழியா உருண்டையா கக்கிடும். கையுறை போட்டு ஊற வச்சுப் பிரிச்சா எலியோட மண்டை ஓடு, தாடை, பல்லு எல்லாம் முழுசா வரும். பிள்ளைங்களுக்குக் காட்டுங்க, ஒரு தடவை பார்த்தா மறக்கவே மாட்டாங்க.

கடற்கரைல தடம் படிக்கறது தனி சுகம், ஏன்னா அலை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை சிலேட்டைத் துடைச்சுக் கொடுத்துடுது. தண்ணி வடிஞ்ச ஈர மணல்ல மிளகு மாதிரி சின்ன மணல் உருண்டை ஆயிரக்கணக்குல பார்த்திருப்பீங்க, ஒரு குழியைச் சுத்தி பூக்கோலம் போட்ட மாதிரி. அது ஒரு சின்ன நண்டு. மணலை வாய்ல அள்ளி அதுல ஒட்டியிருக்கற சாப்பாட்டை மட்டும் சலிச்சு எடுத்துட்டு மிச்சத்தை உருண்டையா துப்பிடும், குழில இருந்து வெளிய ஒரு கோடா போய்ச் சாப்பிட்டுட்டு திரும்பி வந்து அடுத்த கோடு. உருண்டை கொஞ்சமா இருந்தா தண்ணி இப்பதான் வடிஞ்சிருக்கு, பெரிய வட்டமா பரவியிருந்தா வடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. கடிகாரமே வேணாம்.

அதே தேசியப் பூங்காவுல பந்தாய் கெராச்சுட்ல ஆமை வந்து முட்டை போடும், அங்க ஆமைக் காப்பு நிலையமும் இருக்கு. பச்சை ஆமை முன் துடுப்பு ரெண்டையும் ஒரே நேரத்துல வீசி உடம்பை இழுத்துட்டு வரும், அதனால தடம் ரெண்டு பக்கமும் ஒரே சீரா, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு, லாரி டயர் ஓடுன மாதிரி இருக்கும். ஆலிவ் ரிட்லி ஆமை சின்னது, நடக்கற மாதிரி ஒன்னு மாத்தி ஒன்னா துடுப்பு போடும், தடமும் மாறி மாறி விழும். ஏறி வந்தது எது இறங்கிப் போனது எதுன்னு குழப்பமா இருந்தா ரெண்டு தடமும் எங்க ஒன்னு மேல ஒன்னு குறுக்க வருதுன்னு தேடுங்க, மேல இருக்கறதுதான் திரும்பிப் போனது. தடத்தைப் பார்த்தா சந்தோஷப்பட்டுட்டு அங்க இருக்கற ஊழியர்கிட்ட சொல்லுங்க, நீங்களா கூட்டைத் தோண்டாதீங்க, ராத்திரில லைட் அடிக்காதீங்க.

நடையைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரே ஒரு தடத்தோட நிக்காம வரிசையா பத்துத் தடம் பின்னாலயே போங்க. பூனை மெதுவா நடக்கறப்ப முன்னங்கால் வச்ச அதே இடத்துலயே பின்னங்காலையும் வைக்கும், நாலு கால் இருந்தும் ரெண்டு கால் நடந்த மாதிரி ஒரு கோடா போகும், தேவையில்லாத சத்தம் வராம இருக்க அது நல்ல வழி. நாய் அவ்வளவு துல்லியமா வைக்காது. நாலு கால் மிருகம் பாய்ஞ்சு ஓடுனா பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி முன்னால விழும், இடைவெளி அகலமாகும், மண்ணு பின்னால எத்தி விட்டிருக்கும். எங்க நடை ஓட்டமா மாறுச்சோ அங்க நின்னு சுத்திப் பாருங்க, அந்த இடத்துல என்னமோ நடந்திருக்கு.

அனுபவம் உள்ளவங்களும் தப்பு பண்ணுவாங்க, இதைச் சொல்லாம விடக்கூடாது. இந்தியாவுல 1972-ல நாடு பூரா புலியை எண்ணுனாங்க, கால்தடத்தை வச்சுத்தான். ஒவ்வொரு புலித் தடமும் வேற வேற, பார்த்தா இது இந்தப் புலின்னு சொல்லிடலாம்னு நம்புனாங்க. ஆனா ஒரே புலி மணல்ல மிதிச்சா ஒரு அளவு, சேத்துல மிதிச்சா இன்னொரு அளவு, ஓடுனா வேற மாதிரி. ராஜஸ்தான்ல சரிஸ்கா காட்டுல புலி இருக்குன்னு கணக்குல இருந்துச்சு, 2005-ல பார்த்தா ஒன்னுகூட மிச்சம் இல்ல, எல்லாத்தையும் வேட்டைக்காரங்க முடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் கேமரா வச்சு உடம்புக் கோடு மூலமா எண்ணுற முறைக்கு மாறிட்டாங்க. மலேசியாவுல 2016-ல இருந்து 2020 வரைக்கும் நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பும் கேமராவை நம்பித்தான் நடந்துச்சு, 150-க்கும் குறைவாதான் இருக்குன்னு வந்துச்சு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல. ஆனா கேமராவை எந்த மரத்துல கட்டணும்னு தெரியறதுக்கும் தடம் படிக்கத் தெரிஞ்ச கண்ணு வேணும். பேராக் பெலும் காட்டுல ஜஹாய் ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் ரோந்து போறாங்க, அவங்க தேடறது மிருகத்தோட தடத்தை மட்டும் இல்ல, கண்ணி வைக்க வந்த மனுஷனோட தடத்தையும். வளைச்சுக் கட்டுன ஒரு சின்ன மரம், வெட்டுன புதுசு மாறாத ஒரு குச்சி, அவ்வளவு போதும் அவங்களுக்கு.

வீட்டுலயே பழகணும்னா பெரிய தட்டு ஒன்னுல, பேக்கிங் ட்ரேகூட போதும், சலிச்ச மணலை ரெண்டு விரல் உசரத்துக்குக் கொட்டி லேசா தண்ணி தெளிச்சு அட்டையால மட்டம் பண்ணி பின்பக்கம் வைங்க. விடியக்காலைல பாருங்க. எலி, தேரை, பூனை, கரப்பான்பூச்சிகூட கோடு போட்டிருக்கும். தீபாவளிக்கு வாசல்ல அரிசி மாவுக் கோலம் போடறவங்க மறுநாள் காலைல கூட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, எங்க அம்மா கோலத்து ஓரத்துல பல்லியோட வால் கோடும் ரெண்டு பக்கம் பொடிப்பொடியா விரலும் நான் அப்படித்தான் முதல்ல பார்த்தேன். பார்த்ததை எல்லாம் கையால வரைஞ்சு வைங்க, போட்டோ மட்டும் பத்தாது, வரையறப்பதான் இந்த விரல் அந்த விரலை விடக் கொஞ்சம் கீழ இருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

எந்தப் புழுக்கையையும் எச்சத்தையும் வெறுங்கையால தொடாதீங்க, குச்சியால பிரிங்க, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கை கழுவுங்க. எலி மூத்திரம் கலந்த தேங்குன தண்ணில இருந்து எலிக்காய்ச்சல் வரும், கால்ல புண்ணு இருந்தா குட்டைக்குள்ள இறங்கவே வேணாம். நீர்நாய் வளை, எறும்புத்தின்னி தோண்டுன பொந்து மாதிரி எதையாவது பார்த்தா படத்தைப் போடுங்க, இடத்தைப் போடாதீங்க, போன்ல எடுத்த படத்துக்குள்ளயே இடம் பதிஞ்சிருக்கும், அதையும் அணைச்சிடுங்க. எறும்புத்தின்னியை அதோட செதிலுக்காகத் தேடி அலையறவங்களும் அதே படத்தைத்தான் பார்க்கறாங்க.

எங்க வீட்டு மணல் தட்டுல இன்னைக்குக் காலைல அஞ்சு விரல் தடம் ஒன்னு, 10 காசை விடக் கொஞ்சம் பெருசு, நகம் ரெண்டு விரல்ல மட்டும் தெரியுது, தட்டோட ஒரு மூலைல ஏறி அடுத்த மூலைல இறங்கியிருக்கு. மழை ராத்திரி பதினொன்னுக்கு விட்டுச்சு, தடத்துக்குள்ள துளிக்குழி இல்ல. வரைஞ்சு வச்சிருக்கேன், பேர் எழுதல. சாயங்காலம் மணலைத் திரும்ப மட்டம் பண்ணி, பக்கத்துல இன்னொரு தட்டு சேர்த்து வைக்கணும், நாலு தடமாவது வரிசையா கிடைச்சாத்தான் நடை தெரியும்.